மாறுவேடம் நமக்குத் தெரியும்

திருவிழா என்றவுடன் தேரும் காவடியும் பாற்குடமும் அன்னதானமும் நம் நினைவில் வரிசையாக வந்து நிற்கும். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு அவ்வரிசையின் கடைசியில் ஒரு வெள்ளைத் துணியும் வந்து நிற்கும். சுவாமி ஊர்வலம் முடிந்த மறுநாள் இரவு, கோயிலை அடுத்த திடலில் இரண்டு கம்பங்களை நட்டு, இடையே அத்துணியை இழுத்துக் கட்டிப் படம் காட்டுவார்கள். முன்னால் இடம் கிடைக்காத சிறுவர்களாகிய நாங்கள் துணியின் பின்புறம் சென்று அமர்வோம். அங்கிருந்து பார்த்தால் முருகப் பெருமானின் வேல் கை மாறி நிற்கும். எழுத்துகள் இடம் வலமாகத் திரும்பியிருக்கும். அதனால் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. கதைதான் முன்பே தெரியுமே!

இறைவன் திரையில் தோன்றியதும் பாட்டிமார் கன்னத்தில் போட்டுக்கொள்வர். அடுத்த காட்சியில் நகைச்சுவை நடிகர் வந்தவுடன் அதே கை வெற்றிலைப் பையைத் தேடும். இவ்விரண்டுக்கும் இடையே அவர்களுக்கு எந்த முரண்பாடும் தோன்றியதில்லை.

இவ்வாண்டு எங்கள் கோயில் திருவிழாவின் நிறைவு இரவில் மீண்டும் ஒரு படம் காட்டலாம் என்று பேச்சு எழுந்தது. பெரியவர்கள் 1965ஆம் ஆண்டில் வெளிவந்த ‘திருவிளையாடல்’ வேண்டும் என்றனர். இளைஞர் பகுதியினர் 2020ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மூக்குத்தி அம்மன்’ வேண்டும் என்றனர். அப்போது ஓர் இளைஞர் பணிவாகவே ஒன்றைச் சொன்னார்: “ஐயா, பழைய சாமி படமெல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு? யார் வருவார், எப்போ வருவார், கடைசியில என்ன ஆகும், எல்லாமே முன்னாடியே தெரிஞ்சு போகுது.”

அவர் சொன்னது முழுக்க உண்மை. ஆயினும் அவர் குறையெனக் கருதியதே அவ்வகைப் படங்களின் உயிர்நாடி என்பது என் எண்ணம். வெண்பாவின் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கு வாய்பாடுகளுள் ஒன்றில்தான் முடியும் என்பது பாட்டைக் கேட்கும் முன்பே நமக்குத் தெரியும். அதற்காக வெண்பா அலுத்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. பக்திப் படத்திற்கும் இத்தகைய ஓர் இலக்கணம் உண்டு.

யாருக்கு எது தெரியும்?

ஒவ்வொரு வகைத் திரைப்படமும் பார்ப்பவரோடு ஓர் உடன்பாடு செய்துகொள்கிறது. துப்பறியும் படத்தின் உடன்பாடு, நமக்கு எதுவும் தெரியாது என்பது. 1954ஆம் ஆண்டில் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ படத்தை எடுத்துக்கொள்வோம். பாடலும் ஆடலும் இல்லாமல், ஒரு கொலையைச் சுற்றி ஒவ்வொருவராகத் தம் கூற்றைச் சொல்ல, உண்மை நமக்குக் கடைசியில்தான் கிடைக்கிறது. கொலை செய்தவர் யார் என்று எவரேனும் முன்னரே சொல்லிவிட்டால் சுவையில் பாதி போயிற்று.

பக்திப் படம் இதற்கு நேர் எதிரானது. கதையில் வருவோருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். புலவராகவும் விறகு விற்பவராகவும் மீனவராகவும் வருபவர் யார் என்பதைப் படம் நம்மிடம் மறைப்பதே இல்லை. இறைவன் புறப்படுவதைக் கயிலாயத்திலிருந்தே காட்டிவிடுகிறது. அதே நடிகர், அதே புன்னகை. வேடம் மட்டுமே வேறு. பின்னணியில் உடுக்கையோ சங்கோ ஒலித்துவிடும். ‘அடடா, யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாமல் பேசுகிறானே’ என்று நம் மனம் பதைக்கிறது, சிரிக்கிறது, உருகுகிறது. இம்மூன்றும் நாம் அறிந்திருப்பதால் மட்டுமே விளைபவை.

இது திரைப்படக்காரர்கள் கண்டுபிடித்த உத்தியன்று. கிருபானந்த வாரியார் சுவாமிகள் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து நிகழ்த்திய தொடர் சொற்பொழிவுகளுக்குச் சென்றவர்கள், கதையைத் தெரிந்துகொள்ளவா சென்றார்கள்? தெரிந்த கதையை அவர் வாயால் கேட்கத்தானே! அதற்கும் முன்னர், சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் வேடனாகவும் விருத்தனாகவும் வந்தவர் முருகன் என்பதை அறியாதவர் வள்ளி ஒருத்திதான். தமிழகத்து நாடகக் குழுக்கள் கப்பலேறி வந்து நம் நகரங்களிலும் இத்தகைய நாடகங்களை நடத்தியதுண்டு. ‘திருவிளையாடல்’ படத்தை இயக்கிய ஏ.பி. நாகராஜனும் இளமையில் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் பயின்றவரே. மேடையின் இலக்கணத்தை அப்படியே படப்பிடிப்பு நிலையத்துக்குள் கொண்டுவந்தவர் அவர்.

தோற்றமும் அப்படி வந்ததுதான். திரையில் இறைவன் காட்சி தரும்போது பக்கவாட்டில் நிற்பதில்லை; நேரே நம்மைப் பார்த்து நிற்கிறார். அபயக்கரம், மாலை, தலைக்குப் பின் ஒளிவட்டம், காலடியில் புகை ஆகிய இவை யாவும் நம் பூசையறை நாட்காட்டியில் கண்டவையே. அந்த நாட்காட்டிப் படங்களால் புகழ்பெற்ற கோவில்பட்டி ஓவியர் சி. கொண்டைய ராஜுவும் முதலில் நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதியவர்தாம். மேடையிலிருந்து நாட்காட்டிக்கும் நாட்காட்டியிலிருந்து திரைக்குமாக ஒரே உருவம் பயணம் செய்திருக்கிறது. கருவறையில் மூலவரை நாம் எப்படி நேர்முகமாகக் காண்கிறோமோ அப்படியே படமும் அவரை நிறுத்துகிறது. 1975ஆம் ஆண்டில் வெளியான ‘ஜெய் சந்தோஷி மா’ என்னும் இந்திப் படத்திற்குச் சென்றவர்கள் காலணியைக் கழற்றிவிட்டு அரங்கினுள் நுழைந்ததும், திரையை நோக்கிக் காசும் மலரும் தூவியதும் இதனால்தான். அவர்களை அறியாதவர்கள் என்று நகைப்பது எளிது. அந்தச் சட்டத்தினுள் வந்து நிற்கும் உருவத்தை வேறு எப்படி வரவேற்பது என்று அவர்கள் கேட்டால் நம்மிடம் விடை இல்லை.

முகமே முத்திரை

நடிகரைத் தேர்ந்தெடுப்பதிலும் மரபு உண்டு. கே.பி. சுந்தராம்பாள் 1953இல் ஜெமினியின் ‘ஔவையார்’ படத்தில் தமிழ் மூதாட்டியாக நடித்தார். அதன் பின்னர் 1965இல் ‘திருவிளையாடல்’, 1967இல் ‘கந்தன் கருணை’ ஆகிய படங்களிலும் ஔவையார் வேண்டுமென்றபோது அவரையே அழைத்தனர். அவர் திரையில் கோலூன்றி வந்தால் ‘இவர் யார்’ என்று எவரும் கேட்பதில்லை. கணவர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல் மறைந்த பின்னர் அவர் பூண்ட துறவுக்கோலத்தையும் மக்கள் அறிந்திருந்தனர். அந்த வாழ்க்கையும் வேடத்தோடு சேர்ந்தே நடித்தது எனலாம்.

ஆண் நடிகர்களுக்கு இவ்விதி அவ்வளவு கடுமையாக இல்லை. சிவாஜி கணேசன் 1965இல் சிவபெருமான். 1966இல் ‘சரஸ்வதி சபதம்’ படத்தில் நாரதராகவும் ஊமையாய் இருந்து புலவனாகும் வித்தியாபதியாகவும் இரு வேடம். 1967இல் ‘திருவருட்செல்வர்’ படத்தில் அப்பர் பெருமான். அப்பர் வேடத்துக்குக் காஞ்சிப் பெரியவரின் தோற்றத்தை மனத்தில் கொண்டதாக அவரே கூறியிருக்கிறார். ஈராண்டுக்கு முன் ஆண்டவனாக நின்றவர் அடியவராகக் குனிந்து நடந்தபோதும் மக்கள் ஏற்றுக்கொண்டனர். ‘திருவிளையாடல்’ மீனவர் பகுதியில் கடற்கரையில் அவர் நடந்த நடையைச் சிலர் மிகையென்பர். எனக்கும் சில வேளை அப்படித் தோன்றியதுண்டு. ஆனால் அந்த நடை வந்தவுடன் திடலில் எழுந்த ஆரவாரத்தில் நானும் ஒருவன்.

பாடல் செய்யும் பணி

மற்ற படங்களில் பாடல் வந்தால் கதை சற்று நிற்கும். பக்திப் படத்தில் பாடல்தான் கதையை நடத்தும். 1971இல் கே.எஸ். கோபாலகிருஷ்ணன் இயக்கிய ‘ஆதிபராசக்தி’ படத்தில் அபிராமி பட்டராக வரும் எஸ்.வி. சுப்பையாவை நினைத்துப் பாருங்கள். அமாவாசையில் முழுநிலவு தோன்றியாக வேண்டும். இல்லையேல் உயிர் போகும். டி.எம். சௌந்தரராஜனின் குரல் படிப்படியாக ஏற, பக்தரின் முகம், அம்பிகையின் திருமுகம், இருண்ட வானம், மீண்டும் பக்தரின் முகம் என்று காட்சிகள் வேகம் கொள்கின்றன. நிலவு வரும் என்பதில் நமக்கு ஐயமே இல்லை. ஆயினும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருக்கிறோம். வேதாரணியத்தில் அப்பர் பாடக் கதவம் திறந்ததையும் சம்பந்தர் பாட அது மூடியதையும் நம்பி வளர்ந்த இனத்துக்கு, பாடல் ஒன்றை நிகழ்த்தும் என்பது புதிய செய்தியன்று.

‘திருவிளையாடல்’ படத்தின் விறகு விற்ற பகுதியில் இந்த இலக்கணம் இன்னும் நுட்பமாக ஆளப்பட்டிருக்கிறது. செருக்கு மிக்க ஏமநாத பாகவதராக டி.எஸ். பாலையா வருகிறார். அவருக்குக் குரல் தந்தவர் பாலமுரளி கிருஷ்ணா. செருக்கனின் பாட்டு என்பதற்காக இசையமைப்பாளர் கே.வி. மகாதேவன் அதைத் தாழ்த்தவில்லை. அது மெய்யாகவே மிக உயர்ந்த பாட்டு. அப்படியிருந்தால்தான் பின்னர் விறகு விற்பவர் திண்ணையில் அமர்ந்து கௌரிமனோகரி இராகத்தில் பாடும்போது அது அதனினும் மேலாக நிற்கும். பரஞ்சோதி முனிவரின் புராணத்தில் இறைவன் பாடியது சாதாரிப் பண். படம் இராகத்தை மாற்றிக்கொண்டது, முறையை மாற்றவில்லை. தாம் யாரிடம் தோற்றோம் என்பதைக்கூட ஏமநாதர் அறிவதில்லை. பாணபத்திரர் வேண்டாமெனத் தள்ளிய மாணவனே இப்படிப் பாடினால் ஆசிரியர் எப்படிப் பாடுவார் என்று அஞ்சி இரவோடு இரவாக ஊரை விட்டு ஓடுகிறார். வேடம் கலையாமலேயே முடியும் விளையாடல் அது.

வேடம் கலைந்த பின்னும்

தருமியின் கதைக்கு வருவோம். ‘திருவிளையாடல்’ படத்தில் எல்லாரும் முதலில் நினைப்பது இதைத்தான்.

புராணத்தில் தருமி தாய் தந்தையை இழந்த ஓர் ஆதிசைவப் பிரமசாரி. திருமணம் செய்துகொள்ளப் பொருள் வேண்டிச் சோமசுந்தரக் கடவுளை வழிபடுகிறான். கூந்தலின் மணம் பற்றிய பாண்டியனின் ஐயத்தைத் தீர்க்கும் பாடலை இறைவன் அவனுக்கு எழுதிக் கொடுக்கிறார். இறையனார் பெயரில் குறுந்தொகையின் இரண்டாம் பாடலாக இன்றும் நாம் படிப்பது அதுவே. பாட்டைக் கொடுத்த புலவரிடம் தருமி கேள்விமேல் கேள்வி கேட்டுச் சோதிப்பதும், பரிசு கிடைக்குமா அடி கிடைக்குமா என்று நடுங்குவதும் படத்துக்கென்று சேர்த்தவை. நாகேஷ் அதைச் செய்த விதத்தில் பரஞ்சோதியாரின் தருமி மறைந்து நாகேஷின் தருமியே நம் மனத்தில் நிலைத்துவிட்டான். இது இழப்பென்று சொல்லும் புலவர்கள் உண்டு. புராணத்தைப் படிக்காமல் படத்தை மட்டும் பார்த்துவிட்டு ‘புராணத்தில் இப்படித்தான் இருக்கிறது’ என்று மேடையில் பேசுவோரைக் கேட்கும்போது எனக்கும் அவ்வருத்தம் உண்டு. ஆனால் அச்சேர்க்கை இலக்கணத்துக்கு முற்றிலும் உட்பட்டது. தமிழுக்குத் தலைவனையே ‘உமக்குப் பாட்டெழுதத் தெரியுமா’ என்று ஒருவன் சோதிக்கிறான். சோதிக்கப்படுபவர் யாரென்று அரங்கம் முழுவதும் அறியும். நகைச்சுவையின் ஊற்று அங்கேதான் இருக்கிறது.

பின்னர் அவை கூடுகிறது. நக்கீரராக இயக்குநர் நாகராஜனே அமர்ந்திருக்கிறார். பாட்டில் பொருட்குற்றம் என்கிறார். பெண்களின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் இல்லை. தேவ மாதருக்கும் இல்லை. தாம் வணங்கும் இறைவியின் கூந்தலுக்கும் இல்லை என்று ஒவ்வொரு படியாக ஏறுகிறார்.

மரபுப்படி இனி என்ன நடக்க வேண்டும்? இறைவன் தம்மை வெளிப்படுத்த வேண்டும். அறியாமல் பேசியவர் அடியில் வீழ வேண்டும். எல்லாப் பக்திப் படங்களிலும் வாதம் முடியும் இடம் அதுவே. இங்கும் இறைவன் நெற்றிக்கண்ணைத் திறக்கிறார். நமக்கு மட்டும் தெரிந்திருந்தது இப்போது நக்கீரருக்கும் தெரிந்துவிட்டது. தெரிந்த பின்னும் அவர் மாறவில்லை! குற்றம் குற்றமே என்று நிற்கிறார். அந்தக் கணத்தில் அரங்கில் விழும் அமைதியை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அதுவரை ‘பாவம், இவருக்குத் தெரியவில்லையே’ என்று மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்த நாம், சட்டென்று அவருக்குக் கீழே வந்துவிடுகிறோம். தெரிந்திருந்தும் அப்படி நிற்க நம்மால் முடியுமா? நூறு முறை விளைந்த பயன் நூற்றோராவது முறை விளையாமற் போகும்போதுதான் அக்காட்சிக்கு அத்தனை வலிமை வருகிறது. மரபை அறியாதவர்க்கு அது வெறும் பிடிவாதமாகவே தோன்றும்.

படம் அவரை எரித்துப் பின் எழுப்பி, இதுவும் ஒரு விளையாட்டே என்று அமைதிப்படுத்துகிறது. புராணத்திலோ கதை இவ்வளவு விரைவாக முடிவதில்லை. வெம்மை தாளாமல் நக்கீரர் பொற்றாமரைக் குளத்தில் வீழ்கிறார். அவரைக் கரையேற்றுவது தனிப் படலம். அதற்கும் அடுத்த படலத்தில் இறைவன் அகத்தியரை வரவழைத்து அவருக்கு இலக்கணம் கற்பிக்கச் செய்கிறார். புலமையோடு வாதிட்டவருக்குத் தண்டனையோடு பாடமும் கிடைக்கிறது. எனக்கு அந்தப் படலம் மிகவும் பிடிக்கும். படத்தில் அதற்கு இடமில்லாமற் போனது ஏனென்றும் விளங்குகிறது. காட்சி தந்த பின்னர் வகுப்பு நடத்தினால் திடலில் யார் அமர்ந்திருப்பார்?

மரபைத் திருப்பியவர்கள்

இலக்கணத்தை நன்கறிந்தவர்களே அதைத் திருப்பவும் வல்லவர்கள். 1952ஆம் ஆண்டுப் ‘பராசக்தி’ படத்தில் கோயிலுக்குள் ஒரு பெண்ணுக்குத் தீங்கு நேர்கிறது. பக்திப் படமாயின் அம்பிகை பேசியிருப்பாள். இங்கே சிலைக்குப் பின்னாலிருந்து குரல் வருகிறது. பேசுபவன் மனிதன், அவளுடைய அண்ணன். மெய்யன்பர்கள் அப்படத்தின் கருத்தோடு மாறுபடலாம். ஆனால் அம்மன் பேசுவாள் என்ற எதிர்பார்ப்பு மக்கள் மனத்தில் ஊறியிருந்ததால்தான் அக்காட்சிக்கு அவ்வளவு வேகம் கிடைத்தது என்பதை மறுக்க இயலாது. மறுப்பவனும் மரபின் முதலை வைத்தே வாணிகம் செய்தான்.

சாண்டோ சின்னப்பா தேவர் வேறு வழியில் சென்றார். 1969இல் ‘துணைவன்’, 1972இல் ‘தெய்வம்’ ஆகிய படங்களில் முருகனைப் புராண காலத்திலிருந்து இறக்கி நம் காலத்து வீடுகளுக்குள் அழைத்து வந்தார். ‘துணைவன்’ பாடலுக்குச் சுந்தராம்பாளுக்குத் தேசிய விருது கிடைத்தது. ‘தெய்வம்’ படத்தில் மதுரை சோமு, பித்துக்குளி முருகதாஸ் முதலியோர் தம் குரலாலேயே முருகன் தலங்களைப் பாடினர். 1978இல் கே. சங்கர் இயக்கிய ‘வருவான் வடிவேலன்’ கடல் கடந்து நம் பக்கம் வந்து பத்துமலையையும் பாடியது. நம் கோயிலைத் திரையில் கண்டபோது, இதுவரை மதுரையிலும் பழனியிலும் மட்டுமே நடந்த கதைகள் இங்கும் நடக்கலாம் என்று நம்மவர் உணர்ந்தனர்.

அதன் பின் வந்த அம்மன் படங்களைப் பற்றி எனக்கு அவ்வளவு உயர்ந்த எண்ணம் இல்லை. இராம நாராயணன் 1990இல் ‘ஆடி வெள்ளி’ படத்தில் யானையையும் பாம்பையும் துணைக்கு அழைத்தார்; 2000இல் ‘பாளையத்து அம்மன்’, ‘ராஜகாளி அம்மன்’ என்று தொடர்ந்தார். 1995இல் தெலுங்கில் வந்த ‘அம்மோரு’ தமிழில் ‘அம்மன்’ ஆயிற்று. கணினி வரைகலை அம்மனை வானளாவ நிறுத்தியது. மந்திரவாதியும் மண்டையோடும் பேய்ப் படத்திலிருந்து கடன் வாங்கியவை. அச்சம் மிகுந்து வியப்பு குறைந்தது. ஆயினும் ‘அம்மன்’ படத்தில் தேவி சிறுமியாக வந்து பக்தையின் வீட்டில் வேலைக்காரியாக இருக்கும் பகுதியில் பழைய இலக்கணம் மீண்டும் துளிர்த்தது. பாத்திரம் துலக்குபவள் யாரென்று நமக்குத் தெரியும். அவளை ஏவுபவளுக்குத் தெரியாது.

‘மூக்குத்தி அம்மன்’ படத்தையும் இளைஞர்கள் சொன்னதற்காகப் பார்த்தேன். குலதெய்வமாகிய அம்மன், நயன்தாராவின் வடிவில், ஒரு தொலைக்காட்சிச் செய்தியாளனின் வீட்டுக்கு வருகிறாள். போலிச் சாமியாரோடு மோதுகிறாள். எங்கள் பெரியவர்கள் அஞ்சிய அளவுக்கு அதில் எதுவும் இல்லை. வீட்டார் அறியாமல் நாம் அறிந்திருக்கும் அந்தப் பழைய இன்பம் அதிலும் இருக்கிறது.

முடிவில் ‘திருவிளையாடல்’ என்றே தீர்மானமாயிற்று. அடுத்த ஆண்டு மற்றது என்று சமாதானம் செய்துகொண்டோம். நெகிழி நாற்காலிகளும் பெரிய வெண்திரையும் வந்தன. துணியின் பின்னால் எவரும் அமரவில்லை. தருமியைக் கண்டு, அப்படத்தை முன்பு பார்த்திராத பிள்ளைகளும் சிரித்தார்கள். நெற்றிக்கண் திறந்தபோது வழக்கமான அமைதி விழுந்தது. என் அருகில் இருந்த எட்டு வயதுப் பேத்தி என் கையை இழுத்தாள்.

“தாத்தா, அவர் சிவன்னு இப்போ அவருக்குத் தெரிஞ்சிடுச்சு இல்ல?”

“தெரிஞ்சிடுச்சும்மா.”

“அப்புறமும் ஏன் சாரி சொல்லல?”

திரையில் தீ எழுந்துகொண்டிருந்தது. படம் முடியட்டும், வீட்டுக்குப் போய் அகத்தியர் வந்த படலத்தைச் சொல்கிறேன் என்றேன்.